நான்கு கோர் என்றால் எவ்வளவு?

ஒரே வேலை. ஒரே கன்டெய்னர் இமேஜ் (நிரலும் அதற்குத் தேவையானவையும் அடங்கிய பொதி), ஒரே அளவு தரவு, அது கேட்டதும் ஒரே அளவு: நான்கு கோர், அதாவது சிபியுவுக்குள் தனித்தனியாகக் கணக்கிடும் நான்கு பகுதிகள். எங்கள் கிளஸ்டரில், அதாவது சேர்ந்து வேலை செய்யும் கணினிக் கூட்டத்தில், இரண்டு வகை மெஷின்கள் இருந்தன. எந்த வேலை எந்த மெஷினில் என்று முடிவு செய்யும் ஸ்கெட்யூலர் இந்த வேலையை ஒரு நாள் இந்த வகையில் போடும், இன்னொரு நாள் அந்த வகையில். ஒன்றில் விழுந்தால் சீக்கிரம் முடிந்துவிடும். இன்னொன்றில் விழுந்தால் கணிசமாக இழுக்கும், கிளஸ்டரில் கூட்டம் இருக்கும் நேரத்தில் இன்னும் மோசம். பழைய மெஷின் மெதுவாக ஓடியிருந்தால் யாரும் கவலைப்பட்டிருக்க மாட்டோம். இங்கே இழுத்தடித்தது புதிய மெஷின். கிளாக் வேகம் அதிகம், கேஷ் (சில்லுக்குள் இருக்கும் வேக நினைவகம்) அதிகம், விலையும் அதிகம். டாஷ்போர்டைத் திறந்தால் அதில் கால்வாசிக்கு மேல் சிபியு காலி என்று வேறு காட்டியது.

மெஷின் மெதுவாக ஓடியதை விட என்னை உறுத்தியது வேறொன்று. ஸ்கெட்யூலரின் கணக்கில் இந்த இரண்டு இடங்களும் சமம். இங்கே நான்கு கோர் காலி, அங்கேயும் நான்கு கோர் காலி, எதில் போட்டால் என்ன என்ற பாவனையில் அது முடிவெடுக்கிறது. முடிவின் தர்க்கத்தில் பிழை எதுவும் இல்லை. அப்படியென்றால் அது கையில் வைத்திருக்கும் எண்ணில்தான் ஏதோ இருக்கிறது. ஒரு மெஷினில் எவ்வளவு சிபியு இருக்கிறது, அதில் எவ்வளவு மிச்சம் என்பதை ஸ்கெட்யூலர்கள் எப்படித்தான் தெரிந்துகொள்கின்றன என்று தோண்ட ஆரம்பித்தது அங்கேதான். தோண்டத் தோண்ட, எல்லோரும் குறை சொல்கிற இடத்தில் எனக்குக் குறை தெரியவில்லை. யாரும் பேசாத இடத்தில் பெரிய ஓட்டை தெரிந்தது.

கழித்தல் கணக்கு

கன்டெய்னர்களை மெஷின்களில் பகிர்ந்து ஓட்டும் குபர்நெட்டீஸையே எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு நோடிலும் (அதாவது மெஷினிலும்) இருக்கும் அதன் முகவர் நிரலான கியூப்லெட், இயங்குதளத்திடம் எத்தனை சிபியு என்று கேட்கிறது. 64 என்று பதில் வந்தால் அதை 64,000 மில்லிகோராக (ஒரு மில்லிகோர் என்பது கோரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) எழுதிக்கொள்கிறது. அதுதான் நோடின் மொத்தக் கொள்ளளவு. அதிலிருந்து இயங்குதளத்துக்கும் கியூப்லெட்டுக்கும் என்று ஒதுக்கியதைக் கழித்தால் மற்றவர்களுக்குக் கொடுக்கக்கூடிய அளவு வரும். அப்புறம் அந்த நோடில் ஏற்கெனவே இருக்கும் பாட்கள் (அங்கே ஓடும் வேலைகள்) ஒவ்வொன்றும் ரிக்வெஸ்டில், அதாவது தனக்கு வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டதில், எழுதிய எண்ணைக் கூட்டிக் கழிக்க வேண்டும். வருவதுதான் மிச்சம். பாட்களைப் பரப்பிப் போடுவதா, நெருக்கி அடுக்குவதா என்பதை எப்படி அமைத்தாலும் கணக்கு இந்த ரிக்வெஸ்ட்களை வைத்துத்தான். இதில் எந்த இடத்திலும் யாரும் சிபியுவை எட்டிப் பார்க்கவில்லை.

இங்கேதான் பெரும்பாலானவர்களின் புகார் தொடங்குகிறது. நோடு இருபது சதவீதம்தான் ஓடிக்கொண்டிருக்கிறது, ஆனால் என் பாட் சிபியு போதவில்லை என்ற செய்தியோடு காத்துக்கிடக்கிறது, இது என்ன முட்டாள்தனம் என்பார்கள். இந்தப் புகாரோடு எனக்கு உடன்பாடு கிடையாது. ரிக்வெஸ்ட் என்பது பேருந்தில் முன்பதிவு செய்த இருக்கை மாதிரி. ஆள் இன்னும் ஏறவில்லை என்பதற்காக அதை இன்னொருவருக்கு விற்றுவிட முடியாது. இந்த நொடியின் பயன்பாடு கடந்த காலத்தைச் சொல்கிறது. ஸ்கெட்யூலர் வாக்குக் கொடுப்பது வரப்போகும் நேரத்துக்கு. எல்லாச் சேவைகளும் ஒரே நேரத்தில் விழித்துக்கொண்டாலும் அந்த வாக்கு நிற்க வேண்டும். இன்னொரு சிக்கலும் உண்டு. பயன்பாட்டை அளந்து அனுப்பச் சில நொடிகள் ஆகும். அதற்குள் வரும் புதிய வேலைகள் எல்லாம் "காலியாக இருக்கும்" அந்த ஒரே மெஷினில் போய்க் குவியும். அடுத்த அளவீடு வரும்போது அது மூச்சுத் திணறிக்கொண்டிருக்கும், கூட்டம் வேறொரு மெஷினை நோக்கி ஓடும்.

இயங்குதளம் காட்டும் லோட் ஆவரேஜ் என்ற சுமை எண்ணைப் பார்த்தால் போதாதா என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். லினக்ஸில் அந்த எண் 1993 முதல், சிபியுவில் ஓடுபவர்கள், அதற்காகக் காத்திருப்பவர்கள் ஆகியோரோடு, டிஸ்க் போன்ற எதற்காகவோ இடையூறு செய்ய முடியாத உறக்கத்தில் இருப்பவர்களையும் சேர்த்தே எண்ணுகிறது. சிபியு கொள்ளளவு பற்றி அது தெளிவாக எதையும் சொல்லாது.

பயன்பாட்டைப் பார்த்தே ஆக வேண்டும் என்றால் எப்படிப் பார்ப்பது என்பதற்கு கூகுளின் போர்க் என்ற ஸ்கெட்யூலர் நல்ல உதாரணம். 2015-இல் வெளியான அதன் ஆய்வுக் கட்டுரையில் விவரம் இருக்கிறது. ஒரு வேலை தொடங்கும்போது அது கேட்ட முழு அளவும் அதன் பெயரில் நிற்கும். 300 நொடிகள் கழிந்த பிறகுதான், உண்மையான பயன்பாடும் அதன் மேல் ஒரு பாதுகாப்பு இடைவெளியும் சேர்ந்த அளவை நோக்கி அந்த ஒதுக்கீடு மெல்ல இறங்கும். அப்படி மீட்கப்பட்ட இடத்தில் முக்கியத்துவம் குறைந்த வேலைகள் மட்டும் ஓடும். தேவைப்பட்டால் அவற்றை உடனே கொல்லலாம். முக்கியமான வேலைகளை வைக்கும்போது அந்த மீட்ட இடத்தை ஸ்கெட்யூலர் நம்புவதே இல்லை. ஒரு சராசரிக் கிளஸ்டரில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு வேலை இப்படி மீட்ட இடத்திலேயே ஓடுவதாகக் கட்டுரை சொல்கிறது. வாக்கு வேறு, அளவீடு வேறு என்று பிரித்து இரண்டையும் தனித்தனியாக வைத்திருக்கிறார்கள். எனக்குப் பிடித்தது அந்தப் பிரிவுதான்.

ஆக, கழித்தல் சரியாகத்தான் நடக்கிறது. எதைக் கழிக்கிறோம் என்பதுதான் கேள்வி.

64 என்று சொன்னது யார்?

புதிய மெஷினில் 32 கோர்கள்தான் இருந்தன. ஒவ்வொரு கோரும் இரண்டு த்ரெட்களை (ஒரே சமயத்தில் ஓடும் இரண்டு கட்டளை ஓட்டங்களை) ஏற்கும், எனவே இயங்குதளத்துக்கு 64 சிபியு தெரியும். பழைய மெஷினிலும் 32 கோர்கள், ஆனால் அதில் இந்த இரட்டை த்ரெட் வசதியை அணைத்து வைத்திருந்தார்கள். 2018-இல் எல்1டிஎஃப் என்ற பாதுகாப்பு ஓட்டையும் அடுத்த ஆண்டு எம்டிஎஸ் ஓட்டைகளும் வெளியானபோது பல இடங்களில் அணைத்தார்களே, அந்த வழக்கம். பழையதில் 32 சிபியு என்றால் 32 முழு கோர். புதியதில் 64 சிபியு என்றால் 32 கோரை இரண்டிரண்டாகப் பங்கு போட்டது. ஸ்கெட்யூலருக்கு இது எதுவும் தெரியாது. புதியது பழையதைப் போல இரண்டு மடங்கு என்று எழுதிக்கொண்டு, நான்கு கோர் கேட்கும் வேலைகளைப் பழையதில் எட்டும் புதியதில் பதினாறும் வைக்கலாம் என்று முடிவு செய்துவிட்டது. பதினாறும் உள்ளே வந்த பிறகு ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது இரண்டு கோருக்குரிய உடல்தான்.

இதைக் காகிதத்தில் தெரிந்து வைத்திருப்பது வேறு, கண்ணால் பார்ப்பது வேறு. அந்த மெஷினைக் கிளஸ்டரிலிருந்து எடுத்து, எங்கள் சொந்த வேலையையே ஒற்றை த்ரெட் துண்டுகளாக்கி ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போனேன். மொத்தமாக நொடிக்கு எவ்வளவு வேலை முடிகிறது என்பதை ஒரு கோடாக வரைந்தேன். 32 வரை கோடு ஏறக்குறைய நேராக ஏறியது. லினக்ஸின் மையமான கர்னல் விவரமானது. முழுதாகக் காலியான கோர் ஒன்றாவது இருக்கும்வரை இரண்டு பேரை ஒரே கோரில் உட்கார வைக்காது. 32-ஐத் தாண்டியதும் கோடு படுத்துவிட்டது. மேலே போகத்தான் செய்தது, ஆனால் முன்பு ஏறிய வேகத்தில் சிறு பகுதிதான். டாஷ்போர்டில் அந்தத் திருப்புமுனை எங்கே தெரிந்தது? ஐம்பது சதவீதத்தில். பாதி காலி என்று அது சொன்ன புள்ளியில், அந்த மெஷின் தரக்கூடிய வேலையில் பெரும்பகுதியை ஏற்கெனவே தந்துவிட்டிருந்தது.

எண்களோடு சொல்கிறேன். இன்டெல் 2002-இல் இந்த இரட்டை த்ரெட் வசதியை ஹைப்பர் த்ரெடிங் என்ற பெயரில் கொண்டுவந்தபோது, சில சர்வர் வேலைகளில் அது 30 சதவீதம் வரை கூடுதல் தரும் என்றது. அந்த 30-ஐயே வைத்துக்கொள்வோம். 32 கோர் மெஷின் முழு வேகத்தில் தருவது 41.6 கோருக்குச் சமமான வேலை. 32 த்ரெட்கள் ஓடும்போதே அதில் 77 சதவீதம் போய்விடுகிறது. டாஷ்போர்டு சொல்வது 50. மீதி 32 சிபியு "காலி" என்று ஸ்கெட்யூலர் நம்புகிறது. அந்தக் காலி இடத்தில் இருப்பதோ 9.6 கோருக்குரிய வேலைதான்.

இதுகூடப் பரவாயில்லை, மிச்சம் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதானே என்று விட்டுவிடலாம். என்னைத் தூங்கவிடாமல் செய்தது அடுத்த படி. அந்த 9.6 தனியாக ஓரிடத்தில் காத்துக்கொண்டிருப்பதில்லை. இரண்டாவது ஆள் ஒரு கோரில் ஏறியதும், முன்பு அதில் தனியாக இருந்தவருக்கு முழு கோர் போய் ஏறத்தாழ 0.65 ஆகிறது. புதிதாக வந்தவருக்கும் 0.65. அதாவது காலி இடத்தை ஒருவருக்குக் கொடுக்கும்போது, ஏற்கெனவே வாக்குப் பெற்றவரின் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பிடுங்கித்தான் கொடுக்கிறோம். கழித்தல் கணக்குக்கு ஒரே நியாயம் வாக்கு காப்பாற்றப்படும் என்பதுதான் என்று மேலே சொன்னேன். அந்த வாக்கே இங்கே உடைகிறது. மீறல் எந்தப் பதிவிலும் வராது. நான்கு கோர் கேட்டவருக்கு நான்கு சிபியுவின் நேரம் முழுதாகக் கிடைத்தது என்றுதான் கர்னலின் எண்கள் சொல்லும். அது பொய்யும் இல்லை. ஸ்கெட்யூலர் கொடுப்பது நேரம். நமக்கு வேண்டியது வேலை. ஒரு நொடி நேரத்துக்குள் எவ்வளவு வேலை அடங்கும் என்பது பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதைப் பொறுத்து மாறிக்கொண்டே இருக்கிறது.

இதன் விளைவு ஒன்று எனக்கு ரொம்ப நாள் புரியாமல் இருந்த ஒரு விஷயத்தை விளக்கியது. கூட்டம் ஏறும்போது, சேவைக்கு வரும் ஒரு கோரிக்கையை முடிக்க ஆகும் சிபியு நேரமும் கூடிக்கொண்டே போகும். நிரலில் எந்த மாற்றமும் இருக்காது. அதே வேலைக்கு அதிக நொடிகள் பிடிப்பதால் "சிபியு பயன்பாடு" உயர்ந்தது போலத் தெரியும். அதைப் பார்த்து, சுமைக்கேற்பப் பாட்களைக் கூட்டிக் குறைக்கும் ஆட்டோஸ்கேலர் இன்னும் சில பாட்களைக் கிளப்பும். அவை எங்கே போய் உட்காரும்? காலியாகத் தெரியும் அந்த இன்னொரு த்ரெட்டில். நெரிசல் கூடும், ஒவ்வொரு கோரிக்கையும் இன்னும் கொஞ்சம் நேரம் பிடிக்கும், பயன்பாடு இன்னும் உயரும். போக்குவரத்து ஏறிய அளவுக்கும் பாட்கள் பெருகிய அளவுக்கும் ஏன் பொருத்தமே இருப்பதில்லை என்று கேட்டால், பல இடங்களில் விடை இதுதான் என்று நினைக்கிறேன்.

இதை முன்பே யோசித்தவர்கள் இருக்கிறார்கள். ஐபிஎம்மின் பவர்5 சில்லில் 2004-லேயே பர் என்று சுருக்கிச் சொல்லும் ஒரு பதிவகம் வந்தது. ஒரு கோரை இரண்டு த்ரெட்கள் பகிரும்போது கோரின் சுழற்சிகளை யார் எவ்வளவு எடுத்துக்கொண்டார்கள் என்று வன்பொருளே பிரித்து எழுதும். பவர்6-இல் கிளாக் வேகம் மாறுவதையும் கணக்கில் எடுக்கும் இன்னொரு பதிவகத்தைச் சேர்த்தார்கள். அறிவியல் கணினிக் கூடங்களில் ஓடும் ஸ்லர்ம் என்ற ஸ்கெட்யூலரில் ஒரு மெஷினை விவரிக்கும்போதே சாக்கெட் (சில்லு பொருந்தும் இடம்) எத்தனை, சாக்கெட்டுக்குக் கோர் எத்தனை, கோருக்கு த்ரெட் எத்தனை என்று தனித்தனியாக எழுத வேண்டும். கோர் அளவில் பகிர்ந்து கொடுக்கும்படி அமைத்துவிட்டால், ஒரு வேலைக்குப் போன கோரின் இரண்டாவது த்ரெட் இன்னொருவருக்குப் போகாது. குபர்நெட்டீஸிலும் சிபியு மேனேஜரின் நிலையான கொள்கையில், முழு கோராக மட்டுமே கொடு என்று சொல்ல ஒரு தேர்வு இருக்கிறது. ஆனால் அது நோடுக்குள் நடப்பது. ரிக்வெஸ்டை முழு எண்ணாக எழுதி, லிமிட்டையும் (தாண்டக்கூடாத உச்ச அளவு) அதே அளவில் வைத்த பாட்களுக்கு மட்டும்தான் பொருந்தும். கிளஸ்டர் ஸ்கெட்யூலரின் ஏட்டில் 64 என்பது 64-ஆகவே நிற்கிறது.

மேகக் கணிமையில் குழப்பம் இன்னும் கூடுகிறது. அமேசானின் பெரும்பாலான இன்டெல் மெஷின்களில் ஒரு விசிபியு (வாடகைக்குக் கிடைக்கும் மெய்நிகர் சிபியு) என்பது ஒரு த்ரெட். அவர்களுடைய கிராவிட்டான் மெஷின்களில் ஒரு விசிபியு என்பது ஒரு முழு கோர். இரண்டையும் ஒரே கிளஸ்டரில் கலந்து வைத்திருப்பவர்கள் ஏராளம். இரண்டிலும் எட்டு என்றால் எட்டுதான், ஏட்டில்.

மெகாஹெர்ட்ஸும் போதாது

கோர் எண்ணிக்கை போதாது என்று உணர்ந்த ஒரு ஸ்கெட்யூலர் நோமாட். அது ஒரு மெஷின் சேரும்போது கோர் எண்ணிக்கையையும் வேகத்தையும் பெருக்கி, மொத்தம் இத்தனை மெகாஹெர்ட்ஸ் என்று எழுதிக்கொள்ளும். வேலைகளும் 500 மெகாஹெர்ட்ஸ் வேண்டும் என்ற பாணியில் கேட்கும். முயற்சியை மதிக்கிறேன். எந்த வேகத்தைப் பெருக்குவது என்பதில்தான் சங்கடம். சும்மா இருக்கும் மெஷினில் ஒரே ஒரு கோர் ஓடினால் டர்போ என்ற தற்காலிக உச்ச வேகத்துக்கு எகிறும். எல்லாக் கோரும் சேர்ந்து ஓடினால் வெப்பமும் மின்சார வரம்பும் கீழே இழுக்கும். ஏவிஎக்ஸ்-512 போன்ற அகலமான கட்டளைகளைச் சில தலைமுறைச் சில்லுகளில் ஓட்டினால் வேகம் இன்னும் இறங்கும், பக்கத்தில் ஓடும் அப்பாவி வேலையையும் சேர்த்து. அதனால் நோமாட் அடிப்படை வேகம் தெரிந்தால் டர்போவை விட்டுவிட்டு அதை எடுத்துக்கொள்கிறது. நல்ல முடிவு, குறைத்து வாக்குக் கொடுப்பதே நாணயம். மெய்நிகர் மெஷின்களில் வேகம் சரியாகத் தெரியாது, அங்கே மேக நிறுவனத்தின் மெஷின் வகைகளுக்கான அட்டவணையைப் பார்க்கிறது. எல்லாம் சரி, ஆனால் ஒரு மெகாஹெர்ட்ஸில் எத்தனை கட்டளை முடியும் என்பது சில்லுக்குச் சில்லு வேறு. பத்து வருட இடைவெளியில் வந்த இரண்டு சில்லுகள் ஒரே கிளாக்கில் ஒரே வேலையைச் செய்வதே இல்லை.

வேலையை நேரடியாக அலகாக்கும் ஆசை பழையது. 1977-இல் வந்த வாக்ஸ் 11/780 கணினியைத்தான் ஒரு மிப்ஸ் (நொடிக்குப் பத்து லட்சம் கட்டளை) மெஷின் என்று வைத்துக்கொண்டார்கள். தன் சொந்தக் கட்டளைகளில் அது நொடிக்குப் பத்து லட்சம் செய்யவில்லை, ஏறக்குறைய பாதிதான். இருந்தாலும் மற்ற எல்லா மெஷினும் அதன் எத்தனை மடங்கு என்று சொல்லப்பட்டது. 1984-இல் வந்த ட்ரைஸ்டோன் சோதனையை வாக்ஸ் நொடிக்கு 1757 முறை ஓட்டியது. அந்த 1757 இன்றும் ஒரு டிமிப்ஸ் (ட்ரைஸ்டோன் மிப்ஸ்) என்பதன் பொருள். அமேசானும் ஆரம்ப காலத்தில் ஈசியு என்று ஓர் அலகு வைத்திருந்தது: 2007-இன் ஆப்டெரான் அல்லது ஜியான், 1.0 முதல் 1.2 கிகாஹெர்ட்ஸில் தருவது ஒரு ஈசியு. பிறகு விசிபியு எண்ணிக்கை முன்னுக்கு வந்து அது மறைந்துவிட்டது. எனக்கு அதில் வருத்தம்தான். விசிபியு விளங்கிக்கொள்ள எளிது, ஆனால் ஈசியு குறைந்தபட்சம் வேலையைப் பற்றிப் பேசியது.

இந்த விஷயத்தில் நான் மிகவும் மதிப்பது துகள் இயற்பியலாளர்களை. செர்ன் ஆய்வகத்தின் துகள் மோதியின் தரவை உலகெங்கும் உள்ள நூற்றுக்கும் மேற்பட்ட கணினி மையங்கள் பகிர்ந்து கணக்கிடுகின்றன. யார் எவ்வளவு சிபியு கொடுத்தார்கள் என்பது அங்கே பணம் சம்பந்தப்பட்ட விஷயம், கோர் எண்ணிக்கையைச் சொல்லித் தப்ப முடியாது. ஸ்பெக் 2006 என்ற வேகச் சோதனைத் தொகுப்பின் ஒரு பகுதியை வைத்து ஹெச்எஸ்06 என்று ஓர் அலகு 2009 முதல் நடப்பில் இருந்தது. காலம் போகப் போக அந்தச் சோதனையும் உண்மையான வேலையும் ஒத்துப்போகவில்லை என்று தெரிந்தது. 2023-இல் ஹெப்ஸ்கோர்23-க்கு மாறினார்கள். அதில் ஓடுவது செர்னின் அட்லஸ், சிஎம்எஸ் போன்ற இயற்பியல் ஆய்வுகளின் சொந்த மென்பொருள், கன்டெய்னரில் அடைத்தது. அளவுகோல் பழுதாகிவிட்டது என்று ஒப்புக்கொண்டு, தன் வேலையைக் கொண்டே மெஷினை எடைபோடத் துணிந்த கூட்டம் அது.

கைபேசிக்குள் இருக்கும் நல்ல கணக்கு

இதில் ஆச்சரியம் என்னவென்றால், நேர்மையான கணக்கு ஒன்று நம் மெஷின்களுக்குள்ளேயே ஓடிக்கொண்டிருக்கிறது. லினக்ஸ் கர்னலின் ஸ்கெட்யூலருக்கு எல்லாச் சிபியுவும் சமம் என்ற எண்ணம் கிடையாது. கைபேசிகளில் பெரிய கோரும் சிறிய கோரும் கலந்து வர ஆரம்பித்ததும் அது கற்றுக்கொண்டாக வேண்டியதாயிற்று. ஒரு சில்லின் மிகப் பெரிய கோர் உச்ச வேகத்தில் தருவதை 1024 என்று வைத்து, மற்ற ஒவ்வொரு கோருக்கும் அதற்குக் குறைவான ஓர் எண் கொடுக்கிறது. அந்த விகிதம் வன்பொருள் விவரக் கோப்பில் மெகாஹெர்ட்ஸுக்கு இத்தனை டிமிப்ஸ் என்ற பெயரில்தான் எழுதப்படுகிறது. வாக்ஸ் 11/780-இன் நிழல் இன்று கைபேசிக்குள் இருக்கிறது. அப்புறம் அந்த எண்ணிலிருந்து நிகழ்நேர வேலைகள் தின்றது, இன்டரப்டுகள் (வன்பொருளின் குறுக்கீடுகள்) தின்றது எல்லாவற்றையும் ஓடும்போதே கழிக்கிறது. 2020-இன் 5.7 பதிப்பிலிருந்து, வெப்பத்தால் வேகம் குறைக்கப்பட்டிருந்தால் அதையும் கழிக்கும். ஒவ்வொரு வேலையும் எவ்வளவு தின்கிறது என்பதை 32 மில்லிநொடிக்கு ஒருமுறை பாதியாகத் தேயும் நினைவோடு கணக்கு வைத்துக்கொள்கிறது.

இன்னொரு தகவல் எனக்குக் கொஞ்சம் வலித்தது. த்ரெட்களின் குறைந்த மதிப்பும் ஒரு காலத்தில் கர்னலுக்குத் தெரிந்திருந்தது. இரண்டு த்ரெட் ஓடும் கோருக்கு 1178 என்று, அதாவது ஏறக்குறைய 15 சதவீதம் கூடுதல் என்று, ஒரு மாறிலி இருந்தது. அதை இரண்டால் வகுத்தால் ஒரு த்ரெட்டுக்கு 589. கர்னலில் அதைப் பயன்படுத்திய இடங்கள் ஒவ்வொன்றாக மறைந்துபோக, 2018 கடைசியில் நிரலை எளிமையாக்கும் பொருட்டு நீக்கிவிட்டார்கள். இப்போது ஒவ்வொரு த்ரெட்டும் 1024. கர்னலுக்குள் அது பெரிய இழப்பில்லை; எல்லாச் சிபியுவும் ஒரே மாதிரி குறைவு என்றால் ஒப்பிடும்போது வித்தியாசம் வராது, காலி கோரைத் தேடும் வேலையை வேறு தர்க்கம் பார்த்துக்கொள்கிறது. ஆனால் ஒரு மெஷினையும் இன்னொரு மெஷினையும் ஒப்பிடும் கிளஸ்டர் ஸ்கெட்யூலருக்கு அந்த 589 பொன் போன்றது. அதைக் கேட்டு வாங்க அங்கே யாருமில்லை.

லிமிட் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் இந்தப் பேச்சு எடுத்தால் எல்லோரும் அங்கே போய்விடுவார்கள். லிமிட் 100 மில்லிநொடிக்கு இவ்வளவு நேரம் என்ற வடிவில் அமலாகிறது. இரண்டு கோர் லிமிட்டில் எட்டு த்ரெட் ஓட்டினால் 25 மில்லிநொடியில் பங்கு தீர்ந்து, மீதி 75 சும்மா நிற்க வேண்டியதுதான். உள்ளே ஓடும் நிரல் மெஷினில் எத்தனை சிபியு என்று கேட்டு அத்தனை த்ரெட் கிளப்பியதால் வந்த வினை இது. ஜாவா இதை 10-ஆம் பதிப்பில் திருத்திக்கொண்டது, கோ மொழி 2025-இன் 1.25-இல்தான். இது முக்கியம், ஆனால் இது தெரிந்த நோய், மருந்தும் இருக்கிறது. எத்தனை முறை இப்படி நிறுத்தப்பட்டது என்ற த்ராட்லிங் எண்ணிக்கையைப் பார்த்தால் கண்டுபிடித்துவிடலாம். த்ரெட் பகிர்வில் நடப்பதற்கு அப்படி ஓர் எண்ணிக்கையே கிடையாது.

நான் செய்வது

கழித்தல் கணக்கை மாற்ற வேண்டும் என்று நான் கேட்கவில்லை. மொத்தம் என்று எழுதும் முதல் எண்ணை மட்டும் கவனத்தோடு எழுத வேண்டும். தாமதம் பொறுக்காத சேவைகள் ஓடும் நோடுகளில் த்ரெட்டை எண்ணாமல், மெஷின் தருவது எத்தனை கோருக்குச் சமமான வேலை என்று எண்ணுவதே என் விருப்பம். நோமாடில் மொத்தத்தை நாமே எழுதிவைக்க ஓர் அமைப்பு இருக்கிறது. குபர்நெட்டீஸில் அப்படி நேரடியான வழி இல்லை. கணினிக்கென்று ஒதுக்கும் பங்கை உயர்த்தினால் அதே பலன் கிடைக்கும், பெயர்தான் பொருந்தாது. புதிய மெஷினில் 64-ஐ விற்காமல் 42-ஐ ஒட்டி விற்றால் பதினாறு வேலைக்குப் பதில் பத்துதான் நுழையும். பத்தும் சொன்ன சொல்லுக்கு நெருக்கமாக ஓடும். தாமதம் பொருட்டில்லாத தொகுப்பு வேலைகளுக்கு முழு 64-ஐயும் திறந்துவிடலாம், அங்கே மொத்த விளைச்சல்தான் கணக்கு.

இதற்கு வரும் எதிர்ப்பு நியாயமானது. காசு கொடுத்து வாங்கிய 64-இல் 42-ஐத்தான் காட்டுகிறாய், நிதித்துறைக்கு எப்படிப் பதில் சொல்வது என்பார்கள். எடையிட்ட அலகு வந்தால் இன்னொரு கேள்வியும் வரும்: நான் நான்கு கேட்டேன், இது என்ன 3.1? முழு எண்ணில் ஒரு நிம்மதி இருக்கிறது, அதை விட மனம் வராது. எனக்கும் அது புரிகிறது. கூகுள் தன் கிளஸ்டர் பதிவுகளில் சிபியுவை ஒரு அடிப்படை மெஷினின் கோருக்கு ஒப்பிட்ட அலகில்தான் எழுதுகிறது. அந்தப் பெரிய நிறுவனங்களால் எல்லா வேலைக்கும் பொதுவான எடையை உருவாக்கிப் பராமரிக்க முடிகிறது. சிறு குழுக்களுக்கு அத்தனை தேவையில்லை. தன் முக்கியமான இரண்டு மூன்று வேலைகளை எடுத்து, புதிய மெஷின் வகை ஒன்று வரும்போது கோர் எண்ணிக்கையில் பாதியிலும், முழுக் கோரிலும், முழு த்ரெட்டிலும் ஓட்டி, மூன்று எண்களைக் குறித்து வைத்தால் போதும். ஒரு மதியம் பிடிக்கும். கோடு எங்கே படுக்கிறது என்று தெரிந்துவிடும், மொத்தம் என்று எதை எழுதுவது என்பதும் அதிலேயே வந்துவிடும்.

தீராமல் நிற்பது ஒன்று உண்டு. கோரைப் பகிராத இரண்டு வேலைகளும்கூட, சில்லின் கடைசி நிலைக் கேஷையும் நினைவகத்துக்குப் போகும் பாதையையும் பகிரத்தான் செய்கின்றன. ஒருவர் அந்தப் பாதையை அடைத்துக்கொண்டால் இன்னொருவரின் முழு கோரும் தரவுக்காகக் காத்து நிற்கும், காத்திருக்கும் அந்த நேரமும் "பயன்பாடு" என்றே பதிவாகும். யார் எவ்வளவு எடுக்கிறார்கள் என்று அளக்கவும், கேஷைப் பிரித்துக் கொடுக்கவும் சர்வர் சில்லுகளில் வசதி வந்துவிட்டது, லினக்ஸும் அதை வெளியே காட்டுகிறது. ஆனால் நாம் அன்றாடம் எழுதும் ரிக்வெஸ்டில் சிபியு என்று ஒரு வரி, மெமரி என்று ஒரு வரி. நினைவகப் பாதையில் எனக்கு இவ்வளவு இடம் வேண்டும் என்று கேட்க வரி இல்லை. அடுத்து என் சோதனையில் சேர்க்கப்போவது அதைத்தான்: அதே மூன்று ஓட்டங்கள், பக்கத்தில் நினைவகத்தை வாரியிறைக்கும் ஒரு வேலையோடு.